பொன் வைக்கும் மனமும் முதல் வைக்கும் மனமும்

'முதலீடு' என்பது இன்று நாள்தோறும் நம் காதில் விழும் சொற்களுள் ஒன்று. முதல், இடு என்னும் இரண்டின் சேர்க்கையாற் பிறந்தது அது. இலக்கணம் கற்றோர் முதலும் சினையும் அறிவர். மரம் முதல், கிளை சினை. முதலிலிருந்து சினை கிளைப்பதுபோலக் கைப்பொருளிலிருந்து ஊதியம் கிளைத்தல் வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ஊதியம் என்பதைச் சம்பளம் என்ற பொருளில் மட்டும் இன்று பலர் வழங்குகின்றனர். இலாபம் என்பதே அதன் பழம் பொருள்.

சொல் இவ்வாறு எளிதில் விளங்குகின்றது. செயலோ அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. கையில் நாலு காசு மிஞ்சினோர் எல்லோரும் அதனை ஓரிடத்தில் இடுவாரல்லர். ஒருவர் பவுண் வாங்குகின்றார். ஒருவர் காணி வாங்குகின்றார். ஒருவர் வங்கியில் நிலையான வைப்புச் செய்கின்றார். ஒருவர் சீட்டுக் கட்டுகின்றார். இன்னொருவர் வட்டி ஆகாது என்று கூறி, ஆதாயத்திலும் நட்டத்திலும் பங்குகொள்ளும் வைப்பைத் தேடிச் செல்கின்றார். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லோர்க்கும் ஒன்றாக இருக்க, இவர்கள் மனம் மாத்திரம் வெவ்வேறு திசையிற் செல்வானேன்? பொருளியலார்க்கு உரிய வினா இது என்று நாம் ஒதுக்கிவிடுதல் கூடாது. மக்கள் மனத்தைப் பற்றிய வினா எதுவும் இலக்கியம் பயில்வோர்க்கும் உரியதே.

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் இளைப்பாறும் வயதை அண்மித்தோர் சிலர் உளர். பணிக்கொடையாகக் கிடைக்கப்போகும் தொகையை எங்கே வைப்பது என்பதே மதிய வேளைகளில் அங்கு நிகழும் பேச்சு. கணித ஆசிரியர் வங்கியையே நம்புகின்றவர். ஆசிரியை ஒருவர், "இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் வேறு எதை யோசிக்கிறது? பவுணாக வாங்கி வைத்துவிட வேண்டியதுதான்" என்பார். அறபு கற்பிக்கும் மௌலவி ஒருவரும் உளர். அவர் ஒரு நாள், "பண்டிதர், வட்டியை விட்டவன் ஆதாயத்தை விட்டவன் என்று நினைக்க வேண்டாம். நட்டம் வந்தால் அதிலும் எனக்குப் பங்கு உண்டு என்று சம்மதித்தவன், அவ்வளவுதான்" என்று கூறினார். மூவரும் கணக்கறிந்தவர், ஏறத்தாழ ஒரே சம்பளம் பெறுவோர், பிள்ளைகளின் நலத்தையே கருதுவோர். ஆகவே அறியாமை என்று கூறி எவரையும் தள்ளிவிட இயலாது.

மூன்று வேர்கள்

ஐசெக் அய்சன் என்னும் உளவியலறிஞர் 1991ஆம் ஆண்டில் விரித்துரைத்த கொள்கை ஒன்று இவ்விடத்தில் நமக்குத் துணை செய்கின்றது. ஒருவன் ஒரு செயலைச் செய்ய எண்ணுவதற்கு மூன்று வேர்கள் உண்டு என்பது அவர் கருத்து. அச்செயல் நன்று அல்லது தீது என்று அவன் கொண்டிருக்கும் மனச்சார்பு முதலாவது. அவன் மதிக்கும் மக்கள் அவனிடம் எதனை எதிர்பார்க்கின்றனர் என்பது இரண்டாவது. அச்செயல் தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை மூன்றாவது. முதலீடு பற்றி ஆராய்வோர் பலர் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

இம்மூன்றையும் நம் ஊர் வழக்கோடு ஒட்டிப் பார்ப்போமாயின் பல உண்மைகள் தெளிவாகும். கழுத்தில் தாலிக்கொடி இல்லாமல் மகளை மணவறையில் இருத்த எந்தத் தாய் சம்மதிப்பாள்? அவள் பொன் வாங்குவது ஊதியம் கருதியன்று. ஊரார் கண் கருதி. அது இரண்டாம் வேர். பங்குச் சந்தை நல்லதென்று கேள்விப்பட்டும் அதன் வாயிலை மிதியாதவர் பலர். படிவம் நிரப்புவதும் விலை ஏற்ற இறக்கம் அறிவதும் தம்மால் இயலா என்று அவர் எண்ணுகின்றனர். அது மூன்றாம் வேர். மௌலவியின் மனமோ முதலாம் வேரில் ஊன்றி நிற்கின்றது. இது ஆகும், இது ஆகாது என்னும் தீர்மானம் அவர்க்குக் கணக்கைத் தொடங்குமுன்னரே முடிந்துவிட்டது.

பொன்னின் பெருமையும் சிறுமையும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்சு என்னும் அதிகாரியால் எழுத்துருவாக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாகப் பகுத்துக் காணும் வழக்கு அதனுள் உண்டு. அவற்றுள் சீதனம் பெண்ணுடன் செல்வது. சீதனமாகச் சென்ற காணி ஊரிலேயே கிடக்கும். நகையோ அவளுடன் செல்லும். காணியை ஈடு வைப்பதற்கு உறுதி வேண்டும், நொத்தாரிசு வேண்டும், பலர் கையொப்பம் வேண்டும். காப்பை அடைவு வைப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவிலும், பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டிய நாளிலும் குடும்பத்துக்குக் கைகொடுப்பது அந்தக் காப்பே. பெண்கள் பொன்னை விரும்புவது அலங்கார மோகத்தால் என்று எள்ளி நகையாடும் ஆடவர் இதனைச் சிந்திப்பாராக. தன் பெயரில் வங்கிக் கணக்கோ காணியோ இல்லாத காலத்தில் பெண்ணுக்கு இருந்த சேமநிதி அஃதொன்றே.

ஆயினும் பொன்னைப் பற்றிய கணக்கை நேர்மையாகச் செய்தல் வேண்டும். 'பொன் ஒருபோதும் இறங்காது' என்பது நம்மவர் வாய்ப்பாடு. அது பொருந்தாது. உலகச் சந்தையில் ஓர் அவுன்சு பொன் நெடுங்காலம் 35 டொலருக்குக் கட்டப்பட்டிருந்தது. 1971 ஓகஸ்டில் அமெரிக்க சனாதிபதி நிக்சன் அக்கட்டை அவிழ்த்துவிட்டார். 1980 சனவரியில் விலை 850 டொலராயிற்று. பின்னர் இறங்கத் தொடங்கி, 1999ஆம் ஆண்டில் ஏறத்தாழ 250 டொலரளவில் நின்றது. 1980இன் உச்சத்தில் வாங்கிய ஒருவர், தாம் கொடுத்த அதே 850 டொலரை மீண்டும் காண 2008 வரை காத்திருத்தல் வேண்டும். இருபத்தெட்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அதற்கிடையில் டொலரின் வாங்கும் ஆற்றல் எவ்வளவோ குறைந்துவிட்டது. பின்னர் விலை ஏறி, 2025 ஒக்டோபரில் 4,000 டொலரையும் கடந்ததை எல்லோரும் அறிவர். ஏறியதை நினைவில் வைப்போர் இறங்கியதை மறந்துவிடுகின்றனர்.

இலங்கையிலும் இப்பாடம் நடந்தது. 2013இல் உலக விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் அடைவு வைத்தோர் பலர், மீட்கும் தொகை நகையின் பெறுமதியிலும் மிகுந்துவிட்டதைக் கண்டு நகையைக் கைவிட்டனர். அடைவின்மேல் நம்பி நிறையக் கடன் கொடுத்திருந்த வங்கிகளும் நட்டப்பட்டன. அன்றியும், நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் நாம் கொடுக்கின்றோம். விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. எட்டுக் கிராம் கொண்டது ஒரு பவுண். அது 22 கரட் ஆயின் அதனுள் உள்ள சுத்தப் பொன் ஏழு கிராமுக்குச் சற்று மேல். இந்தச் சிறு கணக்கைக்கூடச் செய்யாமல் கடை ஏறுவோரே மிகுதி.

இன்னுமொன்று. பொன் எடுத்துச் செல்லத்தக்கது. ஆகையால் இடப்பெயர்விலும் துணை நிற்கும் என்பர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் வெளியேறியபோது, முடிச்சில் இருந்த நகையே பல குடும்பங்களுக்கு மறுநாட் சோறாயிற்று. அது மெய். ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1990 ஒக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. வழியில் அவர்களுடைய நகைகள் பறிக்கப்பட்டன. சிறுமியரின் காதணியும் தப்பவில்லை. தமிழ் பேசும் மக்கள் தமிழ் பேசும் மக்களுக்குச் செய்த அத்தீங்கைக் கூறாமல் இந்நாட்டுப் பொன்னின் கதையைக் கூறுவது நேர்மையாகாது. அயலவரைக் காக்கும் நீதி ஊரில் இல்லையாயின் காணியும் நிலையாது, பொன்னும் நிலையாது. சேமிப்பின் முதலாவது அரண் அதுவே.

சட்டம் இயற்றி இவ்விருப்பத்தை மாற்றலாம் என்று எண்ணிய அரசும் உண்டு. இந்தியாவில் 1963 சனவரியில் வந்த பொற்கட்டுப்பாட்டு விதிகள் 14 கரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தன. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். பொற்கொல்லர் பலர் தொழிலிழந்து வருந்தினர். மக்கள் விருப்பம் குறையவில்லை. கள்ளக் கடத்தலே வளர்ந்தது. 1968இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் நீக்கப்பட்டது. மூன்று வேரில் ஒன்றையும் தொடாமல் கிளையை மட்டும் வெட்டினால் அது மீண்டும் தளிர்க்கும்.

பொலிசையும் வட்டியும்

பொருளை முதலாக இட்டு அதன் பயனை மட்டும் உண்ணும் முறை நமக்குப் புதிதன்று. நான்காம் நூற்றாண்டில், சிறிமேகவண்ணன் ஆட்சியில், தோணிகல என்னுமிடத்துப் பாறையில் ஒரு சாசனம் வெட்டப்பட்டது. ஒருவர் நெல்லையும் பயறு வகைகளையும் ஒரு வணிகர் கணத்திடம் ஒப்படைக்கின்றார். முதல் குறையாமல் இருத்தல் வேண்டும். அதிலிருந்து வரும் வட்டியைக் கொண்டு மழைக்காலத்தில் பிக்குகளுக்கு உணவளித்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. சோழநாட்டிலும் இஃது உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். ஊர்ச் சபைகளிடம் காசை இட்டு, காசொன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை பெற்றனர். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது அது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அவர் அளப்பர். இறப்பனவும் மூப்பனவும் கழியப் பிறப்பனவற்றால் எண்ணிக்கை நிரம்பும். ஆகவே அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயரிட்டனர். முதலீடு என்பதற்கு இதனினும் அழகிய பெயரை நான் கண்டதில்லை.

அந்த ஆட்டிலிருந்து நெய் வருவதை யாவரும் கண்ணாற் கண்டனர். பொலிசை பெறும் காசிலிருந்து வருவது எது? கடன் கொண்டவன் உழைத்தானா, அழிந்தானா என்று பாராமல் காசு மட்டும் காசை ஈனலாமா? இவ்வினாவை உலகத்துச் சமயங்கள் பல எழுப்பின. இஸ்லாம் அதனை உறுதியாக எழுப்பி, வாணிகத்தை அனுமதித்து வட்டியை விலக்கிற்று. வட்டியை அறபியர் 'ரிபா' என்பர்.

வட்டி விலக்கு என்றால் முதலீடு விலக்கு என்று பலர் பிழையாக எண்ணுகின்றனர். ஒருவர் முதல் இட, மற்றவர் உழைப்பை இட்டு, ஆதாயத்தை முன்னர் ஒப்பிய விகிதப்படி பகிர்வது முழாரபா. நட்டம் வந்தால் முதலிட்டவர் பணத்தை இழப்பர், உழைத்தவர் தம் உழைப்பை இழப்பர். இருவரும் முதலிட்டு, நட்டத்தை முதலின் அளவுக்கேற்பத் தாங்குவது முஷாரகா. வங்கி பொருளை வாங்கித் தன் கொள்விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறித் தவணைக்கு விற்பது முராபஹா. இம்மூன்றாவது முறை, வேறு பெயர் பூண்ட வட்டியே என்று குறைகூறுவோர் முஸ்லிம் அறிஞருள்ளும் இருக்கின்றனர். முராபஹா மிகுந்து முழாரபா அருகிவிட்டது என்னும் கவலையும் அவர்களிடம் உண்டு.

பொன்னைப் பற்றியும் இஸ்லாமிய அறநூல்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. முடக்கி வைத்த செல்வத்தை அவை விரும்புவதில்லை. ஏறத்தாழ 85 கிராம், அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேற்பட்ட சுத்தப் பொன், ஓராண்டு கையில் இருந்தால் அதில் நூற்றுக்கு இரண்டரை ஸகாத்தாக வறியோர்க்குச் செல்லல் வேண்டும். சும்மா வைத்தால் ஆண்டுதோறும் தேயும். தொழிலில் இட்டால் வளரும். இவ்விதி முதலீட்டுக்கு ஒரு தூண்டுதல் என்பது வெளிப்படை. ஆனால் பெண் அணியும் நகைக்கு ஸகாத் உண்டோ என்பதில் ஹனபி, ஷாபிஈ என்னும் இரு மரபினர்க்கும் கருத்து வேற்றுமை உண்டு. உண்டு என்பர் முன்னையோர். வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை என்பர் பின்னையோர். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் ஷாபிஈ மரபினர். அவர்கள் இல்லத்திலும் பொன் நகையாகவே தங்குவதற்கு இதுவும் ஒரு துணை போலும். பொன்னைப் பணத்துக்கு மாற்றும்போது கைக்குக் கை மாற்றுதல் வேண்டும் என்பது மற்றொரு விதி. ஆகவே கணினித் திரையில் பொன் வாங்குவது ஆகுமா என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. பஹ்ரெயினில் இயங்கும் இஸ்லாமிய நிதிக் கணக்கியல் அமைப்பு, உலகப் பொன் பேரவையின் துணையுடன் 2016 டிசெம்பரில் பொன்னுக்கென ஒரு நியமம் வெளியிட்டது. வாங்கியவர்க்கு உரிய பொன் மெய்யாகவே களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

நம்பிக்கை செய்த வங்கிகள்

இக்கொள்கைகள் ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. 1963ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு நைல் கழிமுகத்தில் மித் கமர் என்னும் சிற்றூரில் அகமது அல் நஜ்ஜார் என்பவர் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். அவர் சேர்மனியிற் கற்று அந்நாட்டுச் சேமிப்பு வங்கிகளைக் கண்டவர். வட்டிக்கு அஞ்சி வங்கியை மிதியாத உழவர்கள் அங்கே பணம் கொண்டு வந்தனர். நாலாண்டுக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வைப்பாளராயினர். 1967இல் அது அரச வங்கிகளுடன் சேர்க்கப்பட்டு மறைந்தது. மறைந்த பின்னரும் அதன் கருத்து மறையவில்லை. 1975இல் யித்தாவில் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியும் துபாயில் ஓர் இஸ்லாமிய வங்கியும் இயங்கத் தொடங்கின.

அதே 1963இல் மலாயாவில் ஹஜ் யாத்திரிகருக்கான சேமிப்பு நிறுவனம் தன் பணியைத் தொடங்கிற்று. 1959இல் அதற்கு வழிகூறியவர் பேராசிரியர் உங்கு அசீஸ். கிராம மக்கள் யாத்திரைக்காகத் தலையணைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பணத்தை ஒளித்து வைத்தனர். மாட்டையும் காணியையும் விற்று மக்கா சென்று, திரும்பி வந்து வறுமையுற்றனர். இதனைக் கண்ட அவர் வட்டி கலவாத ஒரு சேமிப்பு முறையை வகுத்தார். மக்கள் விருப்பத்தைப் பழிக்காமல், அவ்விருப்பத்தின் வழியே சேமிப்பை நடத்தினமையே அவர் செய்த நன்மை. இன்று தாபுங் ஹஜி என வழங்கும் அந்நிறுவனத்தில் தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேமிக்கின்றனர். ஆயினும் 2018இல் அதன் பொறுப்புகள் சொத்துகளை விஞ்சி நின்றமை வெளிப்பட்டு, அரசு தலையிட்டுச் சீரமைக்க நேர்ந்தது. சமயப் பெயர் கணக்காய்வுக்கு ஈடாகாது என்பதற்கு இதுவே சான்று.

இலங்கையில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இத்தகைய வங்கிப் பணிக்கு வழி திறந்தது. 2011இல் இம்முறையில் மட்டும் இயங்கும் அமானா வங்கி தொடங்கிற்று. வேறு வங்கிகள் சிலவும் தனிப் பிரிவுகள் அமைத்தன.

வட்டி வங்கியின் கதையும் நம்பிக்கையின் கதையே. கோப்பிப் பயிர் நோயால் அழிந்த காலத்தில், 1884 மே மாதம், இலங்கையில் நோட்டு வெளியிட்டு வந்த ஒறியண்டல் வங்கி முறிந்தது. கையில் இருந்த நோட்டு கடதாசியாகிவிடுமோ என்று மக்கள் கலங்கினர். அந்நோட்டுகளுக்குத் தேசாதிபதி ஆதர் கோடன் அரசாங்கப் பொறுப்பு அளித்தார். அடுத்த ஆண்டு, 1885இல், தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி பிறந்தது. தனியார் வங்கியை நம்பாதவர் ஊர்த் தபாற் கந்தோரை நம்பினர். 1832இல் நிறுவிய இலங்கைச் சேமிப்பு வங்கியுடன் அதுவும் சேர்ந்தே 1972இல் தேசிய சேமிப்பு வங்கி உருவாயிற்று.

சீட்டோ அயலார் முகத்தை நம்பி நடப்பது. தமிழ்ச் சொல்லாகிய அதனைச் சிங்கள மக்களும் அப்படியே வழங்குகின்றனர். வங்கி அறியாத கிராமங்களில் அதுவே வங்கி. 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுகளுக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அது எத்துணைப் பரவியிருந்தது என்பதும், அதில் எத்துணை வழக்குகள் எழுந்திருக்கும் என்பதும் ஊகிக்கத்தக்கன.

நம்பிக்கை கெட்ட காலங்களும் வந்தன. 2008இன் இறுதியில், வங்கியிலும் மிகுந்த வட்டி தருவதாக வைப்புப் பெற்ற கொழும்புக் கம்பனி ஒன்று முறிந்து, ஆயிரக்கணக்கானோர் முதுமைக்கென வைத்ததை இழந்தனர். 2022இல் அரசே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செத்தெம்பரில் விலைவாசி முன்னாண்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஏறி நின்றது. நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு நூற்றெழுபது ரூபா வேண்டியதாயிற்று. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை; அதன் வாங்கும் ஆற்றலோ ஏறக்குறைய அறுபதாகச் சுருங்கிற்று. நட்டப்படாத வைப்பு என்று ஒன்று இல்லை என்பதைக் கணித ஆசிரியரும் அன்று ஒப்புக்கொண்டார்.

மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியது

இவற்றால் அறியக்கிடப்பது யாது? மக்கள் இலாப வீதத்தை மட்டும் பார்த்து முதலிடுவதில்லை. நினைவும் நம்பிக்கையும் சமயமும் ஊர் வழக்கமும் அவர்களை இழுக்கின்றன. இதனை நன்கறிந்தவர் வஞ்சகர். புனித நூலின் பெயரைச் சொல்லி முதலாம் வேரைப் பற்றுவர். 'உன் மைத்துனரும் சேர்ந்துவிட்டார்' என்று இரண்டாம் வேரைப் பற்றுவர். 'நீ ஒன்றும் செய்யவேண்டாம், கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும்' என்று மூன்றாம் வேரைப் பற்றுவர். ஆள் சேர்த்து ஆதாயம் காட்டும் கூம்புத் திட்டங்கள் சட்டத்தால் தடுக்கப்பட்டும் மீண்டும் மீண்டும் முளைப்பது இக்காரணத்தால். மாதம் நூற்றுக்கு ஐந்து தருவதாக ஒருவர் கூறினால் ஒரு பெருக்கல் செய்க. வருவதை முதலுடன் சேர்த்துக்கொண்டே போனால், ஓர் இலட்சம் ஐந்தாண்டில் பதினெட்டரை இலட்சத்துக்கு மேலாகும். எந்த வயலும் எந்தக் கடையும் அவ்வாறு ஈன்றதை எவர் கண்டார்?

ஆகவே மூன்று கேள்விகளை எங்கள் மாணவர்க்கு நான் சொல்லிக் கொடுத்து வருகின்றேன். பணத்தை ஏற்பவர் யார். அவரைக் கண்காணிக்கும் சட்டம் எது? ஊதியம் எந்தத் தொழிலிலிருந்து பிறக்கின்றது? எனக்கு வேண்டும் நாளில் முதல் என் கைக்குத் திரும்புமா, திரும்பும்போது எவ்வளவு குறையும்? வங்கிக்கும் முழாரபாவுக்கும் பவுணுக்கும் சீட்டுக்கும் இவை ஒருங்கே பொருந்தும். மத்திய வங்கி அனுமதித்த நிறுவனங்களின் பட்டியலைப் பார்ப்பது, 2010 முதல் நடைபெறும் வைப்புக் காப்புறுதி எந்த அளவு வரை தம்மைக் காக்கும் என்று கேட்டறிவது, முழுவதையும் ஓரிடத்தில் இடாமை ஆகியவை இவற்றோடு சேர்ந்தவை.

ஒருவர் பவுண் வாங்குகின்றார் என்று நகைப்பதும், ஒருவர் வட்டி வேண்டாம் என்கின்றார் என்று இரங்குவதும் கற்றோர்க்கு அழகல்ல. அவரவர் மனச்சார்புக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே ஆலோசனை கூறலாம். ஆனால் எந்த வழியிற் சென்றாலும் கணக்கு ஒன்றே. அக்கணக்கு எங்கள் பாடசாலைகளில் தனிவட்டி, கூட்டுவட்டி என்று புத்தகத்தோடு முடிந்துவிடுகின்றது. அடைவுச் சீட்டு ஒன்று, வைப்புப் பத்திரம் ஒன்று, முழாரபா உடன்படிக்கை ஒன்று ஆகிய மூன்றையும் வகுப்பில் வைத்து, வரி வரியாகப் படித்து, பொருள் கூறிக் கணக்கிடச் செய்தல் வேண்டும். தமிழாசிரியர் சொற்களுக்குப் பொருள் கூறட்டும். கணித ஆசிரியர் எண்களை விளக்கட்டும். கையொப்பம் இடுமுன் பத்திரத்தைப் படிக்கும் பழக்கம் பதினைந்து வயதில் வந்துவிட்டால், ஐம்பத்தைந்து வயதில் அவர்களுடைய பணிக்கொடை பத்திரமாக இருக்கும்.